பனிப் புனிதர்கள்

நடு ஐரோப்பிய உழவர் வழக்கில், கோடைக்கு முந்தைய கடைசி உறைபனிக்கு உரிய நாள்கள். மே 11 முதல் 15 வரை வரும் மமெர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ், போனிபாஸ், சோபியா ஆகிய புனிதர்களின் திருநாள்கள் இவை. தென் ஜெர்மனியில் முதலாமவரைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘குளிர் சோபி’ எனப்படும் சோபியாவின் நாள் கழியும்வரை தக்காளி, வெள்ளரி நாற்றுகளைத் தோட்டத்தில் நடுவதில்லை. மேகமற்ற இரவில் தரை வெப்பத்தை இழந்துவிட, விடிவதற்குள் இளந்தளிர் கருகிவிடும்; திராட்சைத் தோட்டங்களில் தீ மூட்டிக் காப்பதும் உண்டு.

1582இல் கிரகோரியன் நாள்காட்டிக்காக 10 நாள்கள் நீக்கப்பட்டன. பழைய கணக்குப்படி இத்திருநாள்கள் இன்றைய மே பிற்பகுதியில் விழவேண்டும். எனவே இந்நாள்களில் உறைபனி வராவிட்டால், தேதியை இறுகப் பிடித்துக்கொண்டு வானத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. போலந்தில் இந்தப் புனிதர்களில் நடு மூவருக்கும் ‘குளிர்த் தோட்டக்காரர்கள்’ என்று பெயர்.