எழுத்தறிவும் மதுவிலக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் எங்கே வைத்துள்ளார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த அப்பெருந்தகை, கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், 93-ஆம் அதிகாரமாக அமைத்தார். குடி தனிமனிதரின் ஒழுக்கக் குறை மட்டுமன்று. பொருளையும் அரசியலையும் ஒட்டிய செய்தியுமாகும் என்பதற்கு இவ்வைப்பு முறையே சான்று எனலாம். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இப்பொருள் குறித்து எழுதப் பணித்தபோது, அறிவுரை கூறுவதினும் வரலாற்றைக் கூறுவதே நலம் எனக் கருதினேன். அறிவுரையைக் கேட்டுக் கேட்டு நம் இளைஞர்களின் செவிகள் சலித்துவிட்டன. வரலாறோ சிந்திக்க வைக்கும்.

அரசின் வருவாயும் ஏழையின் கூலியும்

ஆங்கிலேயர் ஆட்சியில், 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ், மது உற்பத்தியும் விற்பனையும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. கடைகள் ஏலம் விடப்பட்டன. மிகுந்த தொகை கேட்டவருக்குக் கடை கிடைத்தது. கட்டிய பணத்தை மீட்க வேண்டுமாயின் அவர் மிகுதியாக விற்றாக வேண்டும். குடிப்பவர் குறைந்தால் கடைக்காரருக்கும் நட்டம், அரசுக்கும் நட்டம் என்னும் நிலை அன்றே உருவாயிற்று.

“இவர்கள் குடிகாரர்கள், எவ்வளவு கூலி கொடுத்தாலும் உருப்பட மாட்டார்கள்” என்னும் பழிச்சொல்லை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுள்ளனர். நாள் முழுதும் சேற்றில் நின்று உழைத்தவனுக்கு நிலமில்லை, பள்ளியில்லை, மருத்துவமில்லை. ஆனால் மாலையில் அவன் கூலியைப் பெற்றுக்கொள்ளக் கடை மட்டும் திறந்திருந்தது. இப்பழக்கம் எவருடைய பிறவிக் குணமும் அன்று. அது வளர்க்கப்பட்ட ஒன்று. ஆகவே களையவும் தக்கது.

சட்டத்தின் ஏற்ற இறக்கம்

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் அது பரவியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. பின்னர் மீண்டும் தொடங்கப்பெற்று, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது.

1971 ஆகஸ்டு 30 அன்று தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அரசின் வாணிபக் கழகமாகிய டாஸ்மாக் நிறுவப்பட்டது; 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அன்று ஏலம் விட்ட அரசு இன்று தானே கடை நடத்துகின்றது. வந்த விற்பனை வரி நிலைத்துவிட்டது, மதுவிலக்கோ நிலைக்கவில்லை. மேலிருந்து வரும் சட்டத்தை மேலிருப்போரே எடுத்துவிடவும் கூடும் என்பதே இவ்வரலாற்றின் முதற்பாடம்.

தலைவர்கள் காட்டிய வழி

நம் தலைவர்கள் சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது, விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கையில் காசும் ஓய்வும் ஒருங்கே சேரும் நாளே ஏழைக்கு ஆபத்தான நாள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1927 டிசம்பரில் மகாடு மாநாட்டின்போது அண்ணல் அம்பேத்கர் பெண்களிடையே பேசினார். குடித்துவிட்டு வருபவன் கணவனாயினும் மகனாயினும் அவனுக்கு உணவிடாதீர் என்று கூறியவர், அதே உரையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றும், கல்வி ஆணுக்குப் போலவே பெண்ணுக்கும் தேவை என்றும் வற்புறுத்தினார். குடியை விடுவதும் கல்வியைப் பற்றுவதும் அவருக்கு இருவேறு பணிகளாகத் தோன்றவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்தேன் என்பதும் ஒன்று.

தூபகுண்டா கற்பித்த பாடம்

கல்வியும் மதுவிலக்கும் எவ்வாறு ஒன்றுபடும் என்பதைச் செயலில் காட்டிய ஊர் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா. 1953 வரை நம்மோடு ஒரே மாநிலத்தில் இருந்த மாவட்டம் அது. 1980-களில் ஆந்திர அரசு சாராயத்தை நெகிழிப் பைகளில் அடைத்து ஊர்தோறும் கிடைக்கச் செய்தது. ஆண்கள் கடையைத் தேடிப் போகத் தேவையில்லை. கடையே அவர்களைத் தேடி வந்தது.

1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் விளக்கொளியில் அமர்ந்து படித்தனர். அவர்களுள் மிகப் பலர் நிலமற்ற கூலிப் பெண்கள், தலித் பெண்கள். அவர்களுடைய பாடநூலில் சாராயக் கொடுமையைப் பேசிய ‘சீதம்மா கதை’ என்னும் பாடம் இருந்தது. அதைப் படித்தவர்கள், ‘இது நம் வீட்டுக் கதையன்றோ’ என்று பேசத் தொடங்கினர். ரோசம்மா முதலான பெண்கள் ஒன்றுதிரண்டு ஊர்க் கடையை மூடச் செய்தனர். சாராயம் ஏற்றி வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினர்.

இந்நிகழ்ச்சி ‘பெண்கள் ஒன்றுபட்டால்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அடுத்த நூலில் பாடமாக ஏறியது. அதைப் படித்த பிற ஊர்ப் பெண்களும் எழுந்தனர். ஓர் ஊரின் செயல் பாடமாகவும், அப்பாடம் நூற்றுக்கணக்கான ஊர்களின் செயலாகவும் மாறிற்று. 1992-இல் நெல்லூரில் சாராயக் கடை ஏலத்தையே நடத்தவிடாமல் பெண்கள் தடுத்தனர். 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் வருவாயைக் காரணம் காட்டி அது தளர்த்தப்பட்டது. இங்கும் சட்டம் சறுக்கியது உண்மையே. ஆயினும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் ஓர் அரசையே பணியவைத்தனர் என்பது அழியாத வரலாறு.

நான் கண்டவை

அக்காலத்தில் நம் மாநிலத்திலும் அறிவொளி இயக்கம் நடந்தது. பட்டப் படிப்பை முடித்திருந்த நான் எங்கள் தெருவின் மையத்தில் தொண்டராக இருந்தேன். ஐம்பது வயதான ஒரு தாய் தம் பெயரை எழுதக் கற்றார். கற்றவுடன் அவர் செய்த முதற்காரியம், கூலிப் பதிவேட்டில் தம் கணவர் கைந்நாட்டு வைத்து வாங்கிவந்த தம் கூலியைத் தாமே கையொப்பமிட்டு வாங்கியதுதான். அன்று முதல் அவ்வீட்டில் இரவு அடுப்பு எரிந்தது.

ஆசிரியனான பின்னர் கண்டவை வேறு. வகுப்பில் உறங்கும் மாணவனை அதட்டியிருக்கிறேன். தந்தையின் குடிச் சண்டையால் இரவு முழுவதும் அவன் தெருவில் இருந்தான் என்பதைப் பின்னர் அறிந்து வெட்கினேன். மகளின் உதவித்தொகை வங்கிப் புத்தகத்தைப் பள்ளிப் பீரோவிலேயே வைத்திருக்குமாறு வேண்டிய தாயையும் கண்டேன். அம்மாணவி படித்து இன்று செவிலியராகப் பணிபுரிகின்றார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. மாண்டவருள் மிகப் பலர் நம்மைப் போன்ற கூலிக் குடும்பத்தினர். மெத்தனால் உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணொளியையும் பின் உயிரையும் பறிப்பது. எட்டாம் வகுப்பு அறிவியல் மாணவனுக்கும் சொல்லி விளக்கக்கூடிய இச்செய்தி, அத்தெருவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்னும் வினா ஆசிரியனாகிய என்னை இன்றும் வருத்துகின்றது.

நாம் செய்யத்தக்கன

25 ஆண்டுகளாக நம் சங்கம் நடத்திவரும் மாலைநேர வகுப்புகளே நமது முதல் மதுவிலக்குப் பணி என்பேன். மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஓர் இளைஞன் எங்கே இருக்கிறான் என்பதே அவன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது. படிப்பகமும் விளையாட்டுத் திடலும் திறந்திருக்கும் தெருவில் கஞ்சாவும் போதை மாத்திரையும் விற்பவன் கால் வைக்கத் தயங்குவான்.

பெண்களுக்கான வாசிப்பு வட்டத்தை ஒவ்வொரு தெருவிலும் தொடங்குதல் வேண்டும். கிராம சபையில் அவர்கள் எழுந்து பேசவும், மனு எழுதவும் அதுவே பயிற்சிக் களமாகும்.

குடிக்கு அடிமையானவரை இழித்துப் பேசுதலும், தெருவில் நிறுத்தி அவமதித்தலும் வேண்டா. அது ஒரு நோய் என மருத்துவ உலகம் ஏற்றுள்ளது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகவே, அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், திரும்பி வந்தபின் பழைய கூட்டத்திடம் விட்டுவிடாமல் உடனிருக்கவும் நம் உறுப்பினர் இருவரிருவராக முன்வருதல் வேண்டும்.

இளைஞர்களே! கடையை மூடும் அதிகாரம் இன்று நம் கையில் இல்லாதிருக்கலாம். புத்தகத்தைத் திறக்கும் உரிமை நம் கையில் உள்ளது. அவ்வுரிமையைப் பெற நம் முன்னோர் கொடுத்த விலை பெரிது. அதை ஒரு குவளைக்கு விற்றுவிடாதீர். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், குடியால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை நம் தெருவில் ஒருவரும் இல்லை என்று எழுதும் பேறு உங்களுள் ஒருவருக்கு வாய்க்கட்டும்.