வஹ்ஷியின் ஈட்டி

ஹிம்ஸ் நகரம் இன்றைய சிரியாவில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒருநாள் இரண்டு பயணிகள் அங்கே ஒரு கிழவரைத் தேடி வருகிறார்கள். அவர் தன் வீட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்களில் ஒருவர் உபைதுல்லாஹ். தலைப்பாகைத் துணியால் முகத்தைச் சுற்றியிருக்கிறார். கண்ணும் காலும் மட்டும்தான் தெரிகின்றன. என்னைத் தெரிகிறதா என்று கேட்கிறார். கிழவருக்கு ஆள் தெரியவில்லை. ஆனால் மக்காவில் பிறந்த ஒரு குழந்தைக்காகப் பாலூட்டும் தாயைத் தேடி அலைந்தது ஞாபகம் இருக்கிறது. அன்று கையில் தூக்கிய அந்தக் குழந்தையின் கால்களை இப்போது பார்க்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். அந்தக் குழந்தைதான் உபைதுல்லாஹ்.

இவ்வளவு கூர்மையான நினைவுள்ள கிழவரிடம் அவர்கள் கேட்க வந்தது வேறொரு நாளைப் பற்றி. ஹம்ஸாவை எப்படிக் கொன்றீர்கள்?

கிழவரின் பெயர் வஹ்ஷி. அபிசீனியர், மக்காவில் அடிமையாக இருந்தவர். அவர் சொன்ன பதில் அவர் வாய்மொழியாகவே புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நபிகளின் சிறிய தந்தையைக் கொன்றவரின் வாக்குமூலத்தை, குர்ஆனுக்கு அடுத்த இடத்தில் வைத்து மதிக்கப்படும் ஒரு நூல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. பாவமன்னிப்பு பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பக்கம்தான்.

கதை எளிமையானது. 624இல் பத்ர் போரில் ஹம்ஸாவின் கையால் துஐமா என்பவர் இறந்தார். துஐமாவின் அண்ணன் மகன் ஜுபைர்தான் வஹ்ஷியின் எஜமானர். பழிக்குப் பழியாக ஹம்ஸாவைக் கொன்றால் உனக்கு விடுதலை என்றார். அடுத்த ஆண்டு உஹது போர். வஹ்ஷிக்கு வேறு யார் மீதும் அக்கறை இல்லை. ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, ஹம்ஸா நெருங்கி வந்ததும் ஈட்டியை எறிந்தார். மக்கா திரும்பியதும் விடுதலை கிடைத்தது. 1976இல் வந்த 'தி மெசேஜ்' படத்தில் ஆந்தனி க்வின் ஹம்ஸாவாக நடித்திருப்பார்; பலருக்கு இந்தக் காட்சி அந்தப் படம் வழியாகத்தான் தெரியும்.

நபிகளுக்கு ஹம்ஸா உறவுமுறையில் சிறிய தந்தை. ஆனால் கிட்டத்தட்ட ஒரே வயது. துவைபா என்ற ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள், அதனால் பால்குடிச் சகோதரரும்கூட. உஹதில் அவர் உடல் சிதைக்கப்பட்டுக் கிடந்தது. போருக்குப் பிறகு மதீனாவின் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களுக்காக ஒப்பாரி வைத்தபோது, ஹம்ஸாவுக்கு மட்டும் அழ ஆளில்லையே என்று நபிகள் வருந்தியதாகப் பதிவு இருக்கிறது.

630இல் மக்கா வீழ்ந்தது. பெரும்பாலான பழைய எதிரிகளுக்குப் பொதுமன்னிப்பு. வஹ்ஷி நம்பவில்லை, தாயிஃபுக்கு ஓடினார். பிறகு தாயிஃபும் பணிந்து தூதுக்குழு அனுப்பியது. நபிகள் தூதர்களுக்குத் தீங்கு செய்யமாட்டார் என்று யாரோ சொல்ல, அந்தக் கூட்டத்தோடு வஹ்ஷியும் போய் நின்றார்.

நபிகள் அவரைப் பார்க்கிறார். நீதான் வஹ்ஷியா என்று கேட்கிறார். ஆமாம். ஹம்ஸாவைக் கொன்றது நீதானா? உங்களுக்கு வந்த செய்தி உண்மைதான் என்கிறார் வஹ்ஷி. அதன்பின் நபிகள் கேட்பது ஒன்றே ஒன்று: உன் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

அவ்வளவுதான். வஹ்ஷி கிளம்பிப் போனார்.

இதை முதலில் படித்தபோது நான் குழம்பினேன். இது மன்னிப்பா, இல்லையா? சட்டப்படி பார்த்தால் முழு மன்னிப்பு. ஒருவர் இஸ்லாத்தை ஏற்றால் அதற்கு முன் செய்தவை அழிந்துவிடும் என்பது விதி. உயிருக்கு உயிர் கேட்கவில்லை, ரத்தப்பணம் கேட்கவில்லை. நடுவில் பாவமன்னிப்பு வழங்கும் குருமார் யாரும் இல்லை. ஆனாலும், என் எதிரில் வராதே.

'தவ்பா' என்ற அரபுச் சொல்லுக்கு வேர்ப்பொருள் திரும்புதல். அதற்கான நிபந்தனைகளைப் பதிமூன்றாம் நூற்றாண்டு அறிஞர் நவவி வரிசைப்படுத்துகிறார். பாவத்தை நிறுத்த வேண்டும், வருந்த வேண்டும், இனி செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். பாவம் இன்னொரு மனிதருக்குச் செய்த அநீதி என்றால் நான்காவதாக ஒன்று: அவருக்குரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும். மனிதரின் உரிமை தனிக் கணக்கு. சக மனிதருக்குக் கொடுக்க வேண்டியதை இறைவனிடம் அழுது தீர்த்துவிட முடியாது.

வஹ்ஷி விஷயத்தில் இரண்டு கணக்கும் தீர்ந்துவிட்டன. தீராமல் இருந்தது துக்கம் மட்டும்தான். நபிகள் தன் துக்கத்தை மறைக்கவில்லை. அதைத் தண்டனையாகவும் மாற்றவில்லை. அரேபியாவின் பெரும்பகுதி பணிந்திருந்த நேரத்தில் அவர் ஒரு கட்டளை போட்டிருக்கலாம். போடவில்லை, முடியுமா என்று கேட்டார்.

நம் ஊரில் மன்னிப்பு எப்படி நடக்கிறது என்று யோசிச்சுப் பார்க்கலாம். அடித்த கணவனோடு, ஏமாற்றிய அண்ணனோடு, விசேஷ வீட்டில் ஒரே பந்தியில் உட்காரவைப்பார்கள். 'அதான் மன்னிச்சாச்சுல்ல, அப்புறம் என்ன மூஞ்சியத் திருப்பிக்கிற?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். மன்னித்தவர் சிரிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் மன்னித்தது பொய். காயம்பட்டவர் மேல் நாம் ஏற்றும் இரண்டாவது சுமை இது. அந்தச் சுமையை நபிகள் சுமக்கவில்லை. அதனால் அவர் மன்னிப்பு குறைபட்டது என்று யாரும் சொன்னதுமில்லை.

வஹ்ஷியின் பக்கம் கதை இன்னும் சிக்கல். நபிகள் இருக்கும் வரை அவர் கண்ணில் படாமல் ஒதுங்கியே வாழ்ந்தார். 632இல் நபிகள் மறைந்தார். தன்னையும் நபி என்று அறிவித்துக்கொண்ட முஸைலிமாவுக்கு எதிராக யமாமாவில் போர். ஹம்ஸாவுக்கு ஈடாக இவனைக் கொல்ல முடிந்தால் என்று எண்ணி வஹ்ஷி புறப்பட்டார். கையில் அதே ஈட்டி. சுவரின் இடைவெளியில் தலைவிரிகோலமாக நின்ற முஸைலிமாவின் மார்பில் அது பாய்ந்தது. மதீனாக்காரர் ஒருவர் ஓடிவந்து வாளால் வெட்டினார். மார்க்கம் மூடிவிட்ட கணக்கை வஹ்ஷி ஏன் திரும்பத் திறந்தார்? மன்னிக்கப்பட்டவருக்கும் எதையாவது கொடுத்துத் தீர்க்கவேண்டும் போலிருக்கிறது.

அந்த நேரம் வீட்டுக் கூரைமேல் நின்ற ஒரு பெண், கறுப்பு அடிமை நம் தலைவரைக் கொன்றுவிட்டான் என்று அலறினாள். வஹ்ஷி விடுதலை அடைந்து ஏழு ஆண்டுகளாவது ஆகியிருக்கும். எந்தச் சொல்லிலிருந்து தப்பிக்க ஹம்ஸாவைக் கொன்றாரோ, அந்தச் சொல் யமாமாவிலும் அவர் கூடவே வந்தது.

அவர் புனிதராகவும் ஆகவில்லை. ஹிம்ஸில் மது அவரைப் பிடித்துக்கொண்டது என்றும், தெளிவாக இருந்தால் பேசுங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள் என்று அந்தப் பயணிகளை ஊரார் எச்சரித்தார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு சொல்கிறது. ஆனாலும் நபித்தோழர் பட்டியலிலிருந்து அவரை எடுக்கவில்லை.

அன்று வஹ்ஷி தெளிவாகத்தான் இருந்தார். கொன்றேன், பிறகு மன்னிக்கப்பட்டேன் என்று சுருக்கமாக முடித்திருக்கலாம். யார் குறுக்குக் கேள்வி கேட்கப்போகிறார்கள்? தன்னை நபிகள் பார்க்க விரும்பவில்லை என்ற அந்த ஒரு வரியை அவர் விடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு வந்தவரிடம், தன் முகத்தை மறைக்கச் சொன்ன கதையை முழுசாகச் சொல்லி முடித்தார்.