சைலன்சர் வழியாகப் போன கேள்வி

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பழைய கடனை அடைப்பதற்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாகவே வெளியே போய்விடுகிறது என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“சார், வெளிய போற அந்தப் புகையை வெச்சே இன்ஜினுக்குள்ள இன்னும் கொஞ்சம் காத்து அடைக்க முடியாதா?”

“ஓசியில எதுவும் கிடைக்காதுடா. ஆற்றல் அழிவின்மை விதியைப் படிச்சிட்டு வா, உட்கார்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க வேறு கேள்வியே கேட்கவில்லை.

அவன் கேட்டது டர்போசார்ஜர். அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. சில வருடங்கள் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. அவனைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன மாதம் அவனே போன் செய்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனுடைய மகன், தன் காரில் கம்பெனி கொடுத்த டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிய டர்போவாகப் போடப் போகிறானாம். இரண்டு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் கையில் இருக்கிறது. “நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான் சார். நீங்க வேணாம்னு சொல்லுங்க” என்றான்.

ஒருமுறை அவனிடம் ‘உட்கார்’ என்று சொன்னவன் நான். அவன் மகனிடமும் அதையே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் நடந்த கதையைச் சொல்கிறேன், தம்பியே முடிவெடுக்கட்டும்.

முதலில் அடிப்படை. இன்ஜினில் பெட்ரோல் ஊற்றுவது சுலபம். அதை எரிக்கக் காற்று வேண்டும், எவ்வளவு காற்றோ அவ்வளவு சக்தி. டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றுகிறது, அதன் பெயர் டர்பைன். மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். புகைக்கு வழியில் ஒரு தடை ஏற்படுவதால் இதுவும் முழுக்க ஓசி இல்லை. ஆனால் வரவு செலவைவிட அதிகம்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்த ஆல்ஃபிரெட் பியூகி என்ற பொறியாளர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுல்சர் நிறுவனத்தில் டீசல் இன்ஜின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். காகிதத்தில் இருந்ததை நடைமுறையில் நிரூபிக்க அவருக்கு இருபது வருடம் பிடித்தது. 1926-ல் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜின்களுக்கு டர்போ பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. இன்ஜின் அதேதான், கூடியது காற்று மட்டும்.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் வேறொரு பிரச்சினைக்கு இதையே மருந்தாக்கினார். விமானம் உயரே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் சோர்ந்துவிடும். 1918-ல் ஒரு லிபர்டி விமான இன்ஜினைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைக்கு ஏற்றிச் சென்று, சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் ஓட்டிக் காட்டினார். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டியது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் மெல்லிய காற்றில் பறந்ததும் டர்போவின் தயவால்தான்.

ஆனால் கப்பலும் விமானமும் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுபவை. கார் அப்படியா? மிதிக்கிறோம், விடுகிறோம், மறுபடி மிதிக்கிறோம். சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. இனி வரும் கதைகளில் உள்ள தோல்விகளைத் தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

1952, இண்டியானாபொலிஸ் 500 பந்தயம். கம்மின்ஸ் நிறுவனம் டர்போ பொருத்திய டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. ஃப்ரெட் அகபாஷியன் ஓட்டி, தகுதிச் சுற்றின் மூலம் பந்தயத்தைத் தொடங்கும் முதலிடத்தைப் பிடித்தார். டீசல் காரா என்று மூக்கில் விரல் வைத்தார்கள். பந்தயத்தில் 71 சுற்றோடு கார் நின்றுவிட்டது. காரணம் என்ன தெரியுமா? காற்று இழுக்கும் வாய் காரின் முன்பக்கம் தாழ்வாக இருந்தது. ஓடுபாதையில் சிதறிக் கிடந்த டயர் ரப்பர் துணுக்குகள் உள்ளே போய் டர்போவை அடைத்துவிட்டன. டர்போ காரின் முதல் பராமரிப்புப் பாடம் இது. இழுக்கும் காற்று சுத்தமாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது.

1962-ல் டர்போ சாதாரண மக்களின் காருக்கு வந்தது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், அதே காலத்தில் செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். ஜெட்ஃபயரின் கதைதான் சுவையானது. 3.5 லிட்டர் இன்ஜின், 215 குதிரைத்திறன். ஆனால் இன்ஜினின் அழுத்த விகிதத்தைக் குறைக்காமல் 10.25-க்கு 1 என்று அப்படியே வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே அழுத்திய காற்றை சிலிண்டருக்குள் மேலும் இவ்வளவு அழுத்தினால் சூடு தாங்காமல் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடிக்கும். ‘நாக்கிங்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது மாதிரி. அதைத் தடுக்க வடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு தெளித்தார்கள். ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர். அந்தக் குப்பியை வண்டிக்காரர்தான் நிரப்ப வேண்டும்.

நிரப்பினார்களா? பலர் மறந்தார்கள். குப்பி காலியானால் பாதுகாப்புக்காக டர்போவின் அழுத்தம் தானாகக் குறையும், கார் மந்தமாகும், வாங்கியவர் திட்டுவார். 1963-லேயே உற்பத்தி நின்றது. இரண்டு வருடத்தில் விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. அவற்றிலும் பலவற்றில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக்கொடுத்தார்கள். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அது கேட்ட கவனிப்பைக் கொடுக்க ஆள் இல்லை.

1973-ல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ. 2 லிட்டர், 170 குதிரைத்திறன். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்படி, முன்பக்கத்தில் ‘டர்போ’ என்ற எழுத்துகளைத் தலைகீழ் பிம்பமாகப் பொறித்திருந்தார்கள். ‘வழி விடு’ என்று சொல்லும் திமிர்! அடுத்த சில வாரங்களில் எண்ணெய் நெருக்கடி வந்தது. மொத்தம் 1,672 கார்களோடு கதை முடிந்தது.

1974 பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே 911 டர்போ அறிமுகமானது. 3 லிட்டர், 260 குதிரைத்திறன். நாக்கிங் வராமலிருக்க அழுத்த விகிதத்தை 6.5 வரை இறக்கியிருந்தார்கள். அதனால் டர்போ விழிக்கும்வரை இன்ஜின் சோம்பேறி. மிதித்தால் ஒன்றும் நடக்காது, கொஞ்ச நேரம் கழித்து மொத்தமும் ஒரேயடியாக வரும். இந்தத் தாமதத்தைத்தான் ‘டர்போ லேக்’ என்கிறார்கள். வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது அந்தச் சக்தி வந்தால்? பயந்துபோய்க் காலை எடுத்தால், பின்பக்கம் இன்ஜினைச் சுமக்கும் அந்தக் கார் தட்டாமாலை சுற்றும். ‘விதவையாக்கி’ என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சில வருடங்களில் போர்ஷே அதை 3.3 லிட்டர், 300 குதிரைத்திறன் என்று உயர்த்தியபோது, கூடவே இன்டர்கூலர் சேர்த்தது. பந்தயக் காரான 917-ன் வழிவந்த பிரேக்குகளையும் போட்டது. நாற்பது குதிரை கூட்டுவதற்கு முன் அவற்றை நிறுத்தும் லகானையும் தயார் செய்தார்கள்.

பெரிய டர்போவா, சின்ன டர்போவா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடை சொன்னது ரெனோ. ஃபார்முலா ஒன்னில் அப்போது 3 லிட்டர் சாதாரண இன்ஜின் அல்லது 1.5 லிட்டர் டர்போ என்று விதி. எல்லோரும் 3 லிட்டரோடு இருக்க, 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ரெனோ டர்போவோடு இறங்கியது. டர்போ பழுதாகி ழான் பியேர் ஜபூய் பாதியிலேயே விலகினார். அடுத்தடுத்த பந்தயங்களிலும் புகை விட்டுக்கொண்டே நின்றதால் ‘மஞ்சள் டீ கெண்டி’ என்று கேலி செய்தார்கள். ரெனோ விடவில்லை. 1979-ல் ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு இரண்டு சிறிய டர்போக்களை வைத்தது. சக்கரம் சிறிதானால் எடை குறைவு, சீக்கிரம் சுழலும், தாமதம் குறையும். அந்த ஜூலையில், டிஜானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், அதே ஜபூய் வென்றார். கேலி செய்தவர்கள் எல்லாம் டர்போவுக்கு மாறினார்கள்.

பிறகு வெறி பிடித்தது. 1983-ல் நெல்சன் பிகே, பிரபாம் காரில் பிஎம்டபிள்யூ டர்போவோடு உலக சாம்பியன் ஆனார். அந்த 1.5 லிட்டர் இன்ஜினின் அடித்தளம், முன்பு சொன்ன 2002 காரின் இன்ஜின் குடும்பம்தான். 1986-ல் தகுதிச் சுற்றில் அது 1,300 குதிரைத்திறனுக்கு மேல் தந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் அப்படி ஓட்டிய இன்ஜினின் ஆயுள் சில சுற்றுகள்தான். நம் வண்டிக்கு மாதத்தவணை கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 1989-ல் ஃபார்முலா ஒன் டர்போவைத் தடை செய்தது. 2014-ல்தான் திரும்ப அனுமதித்தது.

நிதானத்தைக் காட்டியது ஸ்வீடனின் சாப். 1977-ல் வந்த அதன் 99 டர்போ, 145 குதிரைத்திறன்தான். உச்ச வேகத்துக்காகப் பெரிய டர்போவைத் தேடாமல், தினசரி ஓட்டும் வேகத்தில் விழிக்கும் சிறிய டர்போவாகப் பார்த்து எடுத்தார்கள். அழுத்தம் எல்லை மீறினால் புகையை வேறு வழியில் திருப்பிவிட ‘வேஸ்ட்கேட்’ என்ற கதவு. 1980-களின் தொடக்கத்தில், நாக்கிங் சத்தத்தை உணர்ந்து அழுத்தத்தைத் தானே குறைக்கும் மின்னணு ஏற்பாடும் வந்தது. இன்று தெருவில் ஓடும் டர்போ கார்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

தம்பிக்குக் கணக்கு ஒன்று. 2 லிட்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 6,000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்று என்றால் நிமிடத்துக்கு 6,000 லிட்டர், அதாவது ஏறத்தாழ 7 கிலோ காற்று. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் 14 கிலோ கிடைக்க வேண்டும். கிடைக்காது. 27 டிகிரியில் இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரில் அது 120 டிகிரியை எட்டிவிடும். சூடான காற்று விரிந்து மெலியும், நாக்கிங்கையும் கூட்டும். அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் தயாரிப்பாளர் ஒரு வரைபடம் தருவார். உன் இன்ஜின் கேட்கும் காற்றும் அழுத்தமும் அந்த வரைபடத்தின் நடுவில் விழ வேண்டும். தேவைக்கு மிஞ்சிய டர்போ என்றால் புள்ளி இடது ஓரத்துக்குப் போய், காற்று பின்னுக்கு உதைத்துத் தண்டை உலுக்கும். சிறிதாகிவிட்டால் வலது ஓரத்தில் மூச்சுத் திணறிச் சூட்டை மட்டும் கக்கும். கடைக்காரர் ‘பெருசா போடுங்க’ என்றால், அந்த வரைபடத்தை எடுத்துக் காட்டச் சொல்.

அடுத்தது எண்ணெய். ஒரு லட்சம் சுற்று சுழலும் அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. அதிவேகமாக ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். கொதிக்கும் டர்பைனின் சூடு அந்தத் துளி எண்ணெயைக் கரியாக்கும். கரி சேர்ந்தால் தண்டு தேயும். பின்னால் டர்போவுக்குள்ளேயே தண்ணீர்ப் பாதை அமைத்து இதைக் குறைத்தார்கள். ஆனாலும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிவந்து, ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துவது நல்லது. சரியான தரத்தில் எண்ணெய், குறித்த நேரத்தில் மாற்றம், சுத்தமான ஏர் ஃபில்டர். நீலப்புகை, புதிதாகக் கிளம்பும் விசில் சத்தம், இரண்டில் ஒன்று வந்தாலும் உடனே பட்டறைக்குப் போ.

தம்பி, நூறு வருடக் கதையில் எனக்குத் தெரிந்தது இதுதான். காற்றைத் திணிப்பது யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. அந்தக் காற்றுக்கு ஏற்ப சூடு, எண்ணெய், எரிபொருள், பிரேக் எல்லாவற்றையும் தயார் செய்யாதவர்கள்தான் நடுவழியில் நின்றார்கள். அதனால் உன் பணத்தில் டர்போவுக்கு ஒதுக்கும் தொகையைக் கடைசியாக எழுது. இன்டர்கூலர், எண்ணெய்க் குழாய், எரிபொருள் அளவைச் சரிசெய்யும் டியூனிங், கிளட்ச், பிரேக் இவற்றை முதலில் எழுது. மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்க முடியுமா, காப்பீடு நிற்குமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். அதற்குப் பிறகும் பணம் மிச்சமிருந்தால் டர்போ வாங்கு. இல்லாவிட்டால் இருக்கிற டர்போவை ஒழுங்காக வைத்துக்கொள். முடிவு உன்னுடையது.

உன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. அன்றைக்கு நீ கேட்ட கேள்வி சரி. விடை தெரியாதவன் நான்தான். தெரியாது என்று சொல்லாமல் உன்னை உட்கார வைத்தேன், வகுப்பைச் சிரிக்க விட்டேன். அந்த வகுப்பில் அன்று சிரித்தவர்கள் சிலர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்பதால்தான் போனில் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

மன்னித்துக்கொள்ளப்பா. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பட்டறைக்கு வருகிறேன். ஒரு பழைய டர்போ கிடைத்தால் எடுத்து வை. புத்தகத்தில் படித்ததுதான், கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்ததில்லை.