செத்தல் மிளகாயின் ஊர்சுற்றல்

வவுனியாவில் தூள் அரைக்கும் மில் எங்கே என்று யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. தும்மல் வந்தால் கிட்ட வந்துவிட்டீர்கள். வறுத்த செத்தலும் மல்லியும் சீரகமும் மிளகும் கறிவேப்பிலையும் ஒன்றாகப் போய்ச் சிவந்த தூளாகக் கொட்டும். அந்தக் கூட்டில் மிளகு பழைய ஆள். மிளகாய் பிந்தி வந்த பிறத்தி.

மெக்சிகோக்காரர் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தார்கள். 1492இல் மிளகைத் தேடிப்போன கொலம்பஸ், கரீபியன் தீவுகளில் இதைக் கண்டு இதுவும் மிளகுதான் என்று எண்ணிக்கொண்டார். பிறகு போர்த்துக்கேயக் கப்பல்கள் அதை நம் பக்கம் இறக்கின. மிளகு வாங்க வந்தவர்களே மிளகுக்குப் போட்டியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்! மிளகுக்கொடிக்கு நல்ல மழையும் படர மரமும் வேண்டும். மிளகாய்க்குக் கிணற்றடி போதும். வீட்டுக்கோடியிலேயே காரம் காய்க்கும்போது வியாபாரியை எவர் தேடுவார்? 1540களில் ஜெர்மனியின் தாவர அறிஞர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ், இதைக் கள்ளிக்கோட்டை மிளகு என்றே எழுதிவைத்தார். ஐம்பது வருடத்துக்குள் பிறந்த ஊரே மாறிவிட்டது.

வன்னியில் அதற்கு யோகம் அடித்தது 1970களில். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் தவித்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. செத்தல் விலை ஏறியது. படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பொடியள் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களில் மண்வெட்டி எடுத்தார்கள். காடு வெட்டி, தண்ணீர் இறைத்து, பழுத்ததை ஆய்ந்து, வெயிலில் பரப்பி, சாக்கில் அடைத்து லொறி ஏற்றினார்கள். உத்தியோகம் தராத காசை மிளகாய் தந்தது.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன சந்தையைத் திறந்துவிட்டார். மலிவுச் செத்தல் கப்பலில் வந்திறங்க, தோட்டக்காரரின் விலை விழுந்தது. கொழும்பில் எழுதிய ஒரு கொள்கை தூக்கிவிட்டதை இன்னொரு கொள்கை கீழே போட்டது. பின்னர் போர் வந்து தோட்டங்களையே கலைத்தது.

இன்று இலங்கையர் தின்னும் செத்தலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. வறுக்கும் பக்குவந்தான் நம்முடையது. அந்தப் பக்குவத்தைப் பொதிகட்டிக் கனடாவுக்கும் அனுப்புகிறோம். ஸ்காபரோக் கடைகளில் யாழ்ப்பாணக் கறித்தூள் அடுக்கியிருக்கிறது. மெக்சிகோவிலிருந்து நேரே வடக்கே போயிருக்க வேண்டிய காரம், நம் அடுப்படி வழியாகச் சுற்றிப்போய்ச் சேர்ந்தது.

அடுத்தமுறை தூளுக்குச் சாமான் வாங்கும்போது, ஊர்ச் செத்தல் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். விலை கூட என்பார். 1977இலும் அதே பேச்சுத்தான்.