இடைக்கால உறைவிடமும் மாற்றம் பொறாத குழந்தையும்

இங்கிலாந்தின் சமூகநல வரலாற்றில் இரு நீரோட்டங்கள் நெடுங்காலம் ஒன்றோடொன்று கலவாமலே ஓடிவந்துள்ளன. ஒன்று வீடற்றோர் பற்றிய சட்டங்களின் வரலாறு. மற்றையது ஓட்டிசம் முதலிய நரம்பு வளர்ச்சி வேறுபாடுடைய குழந்தைகள் பற்றிய அறிவின் வரலாறு.

1943 இல் அமெரிக்காவிற் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளை ஆராய்ந்து, சூழல் மாறாதிருத்தலை அவர்கள் பெரிதும் வேண்டிநின்றமையை எடுத்துக்காட்டினார்.

வீடற்ற குடும்பங்களுக்கு உறைவிடம் அளிக்கும் கடமையை 1977 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. எனினும், நிலையான வீடு கிட்டும்வரை பல குடும்பங்களுக்கு விடுதி அறைகளே வாய்த்தன. குழந்தைகளுள்ள குடும்பங்களை இத்தகைய விடுதிகளில் 6 வாரங்களுக்கு மேல் வைத்தலாகாது என 2003 ஆம் ஆண்டு ஆணை விதித்தது. அவ்வாணை நாள்களை எண்ணியதேயன்றி இடமாற்றங்களை எண்ணவில்லை.

2024 மார்ச் இறுதியில் 150,000 இற்கு மேற்பட்ட சிறுவர்கள் அங்கு தற்காலிக உறைவிடங்களில் வாழ்ந்தனர். அவர்களுள் மாற்றம் பொறாத குழந்தைக்கு அயலறை ஓசையும் பொதுச் சமையலறையின் நெருக்கமும் தாங்கொணாதவை. அதன் உறக்கம் கெடுமிடத்துக் குடும்பத்தின் உறக்கமும் கெடும்; பெற்றோரின் தொழிலும் தளரும். வேறொரு மன்றத்தின் எல்லைக்குக் குடும்பம் பெயரும்போது, குழந்தையின் கல்வித் திட்டமும் உடன் மாற்றப்படல் வேண்டுமென 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆயினும், கோப்புப் பெயர்ந்து செல்லும். பழகிய ஆசிரியரும் பழகிய பாதையும் உடன் செல்வதில்லை.

கூரை அளித்தலோடு கடமை முற்றுப்பெறும் என்பது பழைய கொள்கை. இக்குழந்தைகளுக்கோ நிலைபேறே கூரையாகும். இவ்வுண்மையைச் சட்டம் உளங்கொள்ளும்போதே இரு நீரோட்டங்களும் ஒன்றாகும்.