உளியும் புகழும்: ஜோன் தோமஸின் சிற்பத்தொழில் வாழ்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தை இயந்திரங்களின் நாடாகக் காண்பதே வரலாற்று மாணவர்களின் வழக்கமாகும். நீராவியும் இரும்பும் அந்நாட்டின் முகத்தை மாற்றியமைத்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் அதே காலத்தில் எழுந்த பாராளுமன்றமும், புகையிரத நிலையங்களும், வங்கிகளும் மனிதர் கையால் செதுக்கிய உருவங்களைத் தம்மேற் சுமந்து நின்றன. இயந்திரத்தாற் செல்வம் ஈட்டிய சமுதாயம், அச்செல்வத்துக்கு மதிப்பைத் தேடியபோது உளியையே நாடியது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ள ஜோன் தோமஸ் என்னும் சிற்பியின் வாழ்க்கை பெரிதும் துணைபுரிகின்றது.

வேல்ஸ் வழித்தோன்றலான தோமஸ் 1813 ஆம் ஆண்டில் குளொஸ்டர்ஷயரிலுள்ள சால்போர்ட் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர் கற்றச்சர் ஒருவரிடம் தொழில் பயில அமர்த்தப்பட்டார். உரோமாபுரிக்குச் சென்று பழஞ்சிற்பங்களைக் கற்றுவரும் வாய்ப்பு அக்காலச் சிற்பிகள் பலருக்குக் கிட்டியது. தோமஸுக்கோ கல்லே கல்லூரியாயிற்று. பின்னர், கட்டடக் கலைஞராயிருந்த தமையன் வில்லியத்தைப் பின்பற்றிப் பேர்மிங்ஹாம் சென்றார். அங்கு சார்ள்ஸ் பரி என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எட்வேட் அரசர் பாடசாலையை அமைத்துக்கொண்டிருந்தார். இளைஞரின் கைத்திறன் பரியின் கண்ணிற்பட்டது. அப்பாடசாலையின் அலங்காரச் செதுக்கல் வேலை தோமஸுக்குக் கிடைத்தது.

1834 ஒக்டோபர் 16 ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை தீக்கிரையானது. புதிய பாராளுமன்றத்துக்கான போட்டியில் 1836 இல் பரியின் வரைபடம் தெரிவுசெய்யப்பட்டது. கோதிக் பாணியிலமைந்த இக்கட்டடத்தின் நுண்ணிய அலங்காரங்களை ஓகஸ்டஸ் பியூஜின் வரைந்தார். ஆனால் வரைபடம் தானாகக் கல்லாகிவிடுவதில்லை. அரசர், அரசியர், புனிதர் ஆகியோரின் நூற்றுக்கணக்கான உருவங்களும், எண்ணிலடங்காக் குலச்சின்னங்களும், இலைக்கொத்துக்களும் செதுக்கப்பட வேண்டியிருந்தன. இக்கல் வேலைகளனைத்தையும் மேற்பார்வையிடும் பொறுப்பு தோமஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மாதிரியுருக்களை அமைத்தார்; செதுக்குநர் பலர் அவற்றைக் கல்லிலே பெயர்த்தனர். ஒருவகையில் இது சிற்பத்துறையில் நிகழ்ந்த தொழிற் பகுப்பே எனலாம்.

அவ்வேலைத்தலம் அமைதியான கலைக்கூடமாக இருந்ததெனக் கருதுதல் தவறாகும். 1841 இல், மேற்பார்வையாளரொருவரின் கடுமையை எதிர்த்துப் பாராளுமன்றக் கட்டடத்துக் கற்றச்சர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். நெல்சன் தூணில் வேலைசெய்த கற்றச்சர்களும் அவர்களுடன் இணைந்தனர். மக்களாட்சியின் கோயிலெனப் போற்றப்படும் மண்டபத்தைக் கட்டியெழுப்பியவர்களுக்கு அம்மண்டபத்துக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் வாக்குரிமை பெரும்பாலும் இருக்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வெஸ்ட்மின்ஸ்டர் வேலை தோமஸுக்குப் புதிய புரவலர்களைத் தேடித் தந்தது. பாராளுமன்றக் கட்டட ஒப்பந்தகாரருள் ஒருவரும், புகையிரதப் பாதைகளை அமைத்துப் பெருஞ்செல்வரானவருமான சாமுவேல் மோர்ட்டன் பீட்டோ, சபொக்கிலிருந்த தமது சொமர்லிற்றன் மாளிகையைப் புதுப்பிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டார். கற்றச்சராகத் தொடங்கியவர் கட்டடக் கலைஞராகவும் உயர்ந்தார். 1849 இல் திறக்கப்பட்ட இலண்டன் யூஸ்டன் நிலையத்துப் பெருமண்டபத்தில், புகையிரதப் பாதை இணைத்த நகரங்களை உருவகிக்கும் புடைப்புச் சிற்பங்களை அவர் அமைத்தார். வேல்ஸில் றொபேட் ஸ்டீவன்சன் அமைத்து 1850 இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தின் இரு முனைகளிலும் அவரது நான்கு சுண்ணாம்புக்கற் சிங்கங்கள் காவல் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 அடி நீளமானது. மான்செஸ்டரில் 1856 இல் நிறைவெய்திய சுதந்திர வர்த்தக மண்டபத்தின் முகப்பில் வர்த்தகம், கைத்தொழில், கலைகள், கண்டங்கள் என்பன அவர் உளியால் மனித வடிவு பெற்றன. முன்பு தேவாலயங்களிற் புனிதர்கள் நின்ற இடத்தில் இப்போது வர்த்தகம் நின்றது. முதலாளி வர்க்கத்தின் தன்னம்பிக்கையை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இவ்வாறான செதுக்கல் முறைக்கு அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. ஜோன் றஸ்கின், வெனிஸ் நகரக் கட்டடங்கள் பற்றிய தமது நூலின் 1853 இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், பிறரது வரைபடத்தைப் பிசகின்றிப் பெயர்க்குமாறு பணிக்கப்படும் தொழிலாளி வெறுங் கருவியாகிவிடுகின்றான் என வாதிட்டார். அவரது கொள்கையைத் தழுவி எழுந்த ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அரும்பொருளகத்தில், அயர்லாந்திலிருந்து வந்த ஒஷே சகோதரர்கள் உண்மைச் செடிகொடிகளைப் பார்த்துத் தூண்தலைகளைச் செதுக்கினர். எனினும் நிதி போதாமையாற் பல தூண்தலைகள் இருபதாம் நூற்றாண்டு வரை செதுக்கப்படாமற் கிடந்தன. தோமஸின் முறை தனிச்செதுக்குநரின் கற்பனைக்கு இடங்குறைத்தது. ஆயின் பெருங்கட்டடமொன்றை நிறைவுசெய்தது. றஸ்கினின் முறை தொழிலாளிக்கு மதிப்பளித்தது; ஆயின் அதற்குரிய செலவைத் தாங்கச் சமுதாயம் ஆயத்தமாக இருக்கவில்லை. இவ்விரண்டுக்குமிடையிலான இழுபறியே விக்டோரியா காலச் சிற்பத்தொழிலின் அடிப்படைப் பிரச்சினையாகும்.

தோமஸ் 1842 தொடக்கம் வேந்தவைக் கலைக்கழகக் கண்காட்சிகளில் தமது ஆக்கங்களை வைத்துவந்தார். விக்டோரியா அரசியும் அல்பேட் இளவரசரும் அவரை ஆதரித்தனர். வின்சர் புரோக்மோரில் 1858 இல் அமைந்த அரச பாற்பண்ணையின் அலங்காரம் அவருடையதே. ஆயினும் அக்கழகத்தின் உறுப்புரிமை அவருக்குக் கிட்டவில்லை. கட்டடத்தோடு ஒட்டிய சிற்பம் கலையன்று, தொழிலே என்ற மனப்பான்மை ஆழ வேரூன்றியிருந்தது. ஓய்வற்ற உழைப்பின் பின் 1862 ஏப்பிரலில், ஐம்பது வயதை எட்டுமுன்னரே, அவர் மறைந்தார். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஜோசப் ஸ்ரேர்ஜுக்கு அவர் வடித்த பேர்மிங்ஹாம் நினைவுச்சின்னம் அவர் இறந்தபின் அவ்வாண்டு யூனிலேயே திறந்துவைக்கப்பட்டது.

அவரது ஆக்கங்களுக்கும் காலம் இரங்கவில்லை. எளிதிற் செதுக்கத்தக்கதெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டரின் அன்ஸ்ரன் கல், இலண்டனின் நிலக்கரிப் புகையால் விரைவிலேயே அரிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதன் பெரும்பகுதிக்குப் பதிலாகக் கிளிப்சம் கல் இடப்பட்டது. பேர்மிங்ஹாம் பாடசாலை 1936 இலும், யூஸ்டன் மண்டபம் 1960 களின் தொடக்கத்திலும் இடிக்கப்பட்டன. பிரிட்டானியா பாலம் 1970 இல் தீப்பற்றியது. அது புதுக்கப்பட்டு 1980 இல் மேலே வீதி அமைந்தபின், கீழே புகையிரதப் பாதையருகே இருக்கும் சிங்கங்கள் வீதியிற் செல்வோர் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

எந்தத் தொழில்வளம் தோமஸுக்கு வாழ்வளித்ததோ, அதன் புகையே அவர் கல்லை அரித்தது. எந்தப் புகையிரதம் அவரைப் போற்றியதோ, அதன் விரிவாக்கமே அவர் மண்டபத்தை வீழ்த்தியது. பரியின் பெயரும் பியூஜினின் பெயரும் பாடநூல்களில் நிலைத்துள்ளன. தோமஸின் பெயர் அடிக்குறிப்பிலும், அவர்கீழ் உழைத்தோரின் பெயர்கள் கூலிப்பதிவேட்டிலும் ஒதுங்கிக் கிடக்கின்றன. கட்டடமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனை வரைந்த கையோடு நின்றுவிடாது, செதுக்கிய கைகளையும் தேடிச் செல்வார்களாயின், அவ்வரலாறு முழுமை பெறும்.