பழைய மேசைக் கணினிக்கும் வைஃபை கிடைக்கும்

கெப்பாலா பத்தாஸ் – தோட்டமோ தாமானோ, வீட்டில் வைஃபை உண்டு. ஆனால், பிள்ளைகளின் பாடத்திற்கு உதவக்கூடிய பழைய மேசைக் கணினி இணையமின்றி மூலையில் கிடக்கிறதா? புதியது வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ரவுட்டர் அருகில் இருந்தால் லேன் கேபிளே போதும். தூரமென்றால், யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை அடாப்டர் வாங்குங்கள். உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அது பொருந்துமா எனப் பெட்டியில் பார்த்து வாங்குவது முக்கியம்.

அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் தேவைப்பட்டால், வேறு கணினியில் பதிவிறக்கி பென்டிரைவில் கொண்டு வரலாம். பின்னர், திரையின் வலது கீழ்மூலையிலுள்ள இணையக் குறியைச் சொடுக்கி, வீட்டு வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை இடுங்கள்.

பெயரே தெரியவில்லையா? சில அடாப்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் அந்த அலை இயங்குகிறதா எனப் பாருங்கள். அலை வலுவிழந்தால், யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் போட்டு அடாப்டரை மேசைமீது வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் 7க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டது. பாதுகாப்பு மேம்பாடு பெறாத கணினியைப் பாடத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.